ஆரு கண்ட பாட்டு

அவர் யாரோடும் வாதாடி நான் கண்டதில்லை. எவர் எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கடைசிச் சொல்வரை கேட்பார். பிறகு, "ஓம், நீங்க சொல்றதுதான் சரி" என்பார். சொல்லிவிட்டு, அதுவரை எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதையே செய்வார்.

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே ஓடிய ஒரு மினி பஸ்ஸின் சாரதி அவர். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அக்கரைப்பற்றுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை நியமனம் கிடைத்தது. வீடு சாய்ந்தமருதில். காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிவாசல் சந்தியில் நின்றால் அந்த பஸ் வரும். பாலாடை நிறம், ஜப்பான் வண்டி, முன்கண்ணாடியில் பிளாஸ்டிக் ரோசாப்பூ மாலை. அண்ணன் வயதுள்ளவரை எங்கள் ஊரில் காக்கா என்போம். நானும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்பார். அத்தனை வருடப் பழக்கத்தில் நாங்கள் கதைத்ததை எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரம்கூட வராது. ஆனாலும் அவரைப்போல நான் உற்றுக் கவனித்த ஆள் வேறு யாருமில்லை. காரணம் அவருடைய பாட்டு.

மற்ற பஸ்களில் சினிமாப் பாட்டுப் போகும், பைலா போகும், வெள்ளிக்கிழமைகளில் நாகூர்ப் பக்கத்து இஸ்லாமிய கீதம் போகும். இவருடைய பஸ்ஸிலும் இதெல்லாம் போகும்தான். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவை, சாய்ந்தமருதைத் தாண்டி வயல்வெளி தெரியத் தொடங்கும்போது, லாச்சியிலிருந்து ஒரு கெசட்டை எடுத்துப் போடுவார். அது சரியாக உட்காராது. சிகரெட் பெட்டி மட்டையை நாலாக மடித்து அடியில் செருகி, பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். உடனே பாட்டுத் தொடங்கும்.

முதலில் ஓர் இயந்திரம் தட்டும். மேளம் அல்ல, தந்தி அடிக்கிற கந்தோரில் கேட்கிற மாதிரி ஒரு தட்டல். அதன்மேல் தடித்த கம்பி ஒன்று ஒரே சுரத்தில் அதிரும். பிறகு ஒரு வெள்ளைக்காரப் பொடியன் பாட வருவான். அவன் பாடவில்லை, சாமான் பட்டியல் வாசிக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். அழுகை இல்லை, சிரிப்பு இல்லை. திடீரென்று நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சொல்லைக் கத்துவார்கள். எங்கள் காதில் அது "ஆரு கண்ட? ஆரு கண்ட?" என்றுதான், யார் கண்டது என்று கேட்பதுபோல, விழுந்தது. இங்கிலீசில் என்னவோ, யாருக்கும் தெரியாது. அதனால் அந்த வழி நெடுக, ஒலுவில் வரைக்கும், அதற்கு 'ஆரு கண்ட பாட்டு' என்றே பெயர்.

பாட்டு அவரிடம் வந்த கதையை அவருடைய பெண்சாதியிடம்தான் கேட்டேன். ஆஸ்பத்திரி வரிசையில் ஒருநாள் என் பக்கத்தில் நின்றார். குவைத்தில் வேலைபார்த்த காக்காவின் தம்பி, கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு, குரலை கெசட்டில் பதிந்து அனுப்புவாராம். அந்தக் காலத்தில் பல வீடுகளுக்குக் கடிதம் அப்படித்தான் வந்தது. யாரோ வெள்ளைக்காரன் வீசிவிட்டுப்போன பாட்டு கெசட் ஒன்றின்மேல் தம்பி பேசியிருக்கிறார். உம்மா, ராத்தா, மாமி, அயல் வீடு என்று ஆளாளுக்குச் சலாம். வீடே சுற்றியிருந்து அழுது கேட்டது. கடைசிச் சலாம் முடிந்ததும் நாடா ஓடிக்கொண்டே இருக்க, அழிபடாமல் மிஞ்சியிருந்த இந்தப் பாட்டுத் தொடங்கியிருக்கிறது.

"எல்லாரும் நிப்பாட்டு நிப்பாட்டு எண்டாங்க. 'ஓம், நிப்பாட்டத்தான் வேணும்' எண்டு சொல்லிக்கிட்டே முடியுமட்டும் கேட்டாரு" என்றார். "அந்த மனிசன் ஓம் எண்டா அது நடக்காது எண்டு நினைங்க டீச்சர். கலியாணத்துக்கு முதல் எங்கட வாப்பா மீசைய எடுக்கச் சொன்ன. ஓம் மாமா, எடுக்கிறன் எண்டாரு. இண்டைக்கும் மீசை கிடக்கு. வாப்பா மவுத்தாகிட்டாரு."

பேனை ஒன்றைச் செருகி, கையாலேயே நாடாவைப் பின்னுக்குச் சுற்றுவார் அவர். சில நாளில் கூடுதலாகச் சுற்றிவிடுவார். அப்போது பாட்டுக்கு முன்னால் அந்தத் தம்பியின் குரல் பஸ் முழுக்கக் கேட்கும். "...எல்லாருக்கும் என்ட சலாத்தச் சொல்லுங்க. உம்மாவ வெயிலுக்க விடாதீங்க. வெச்சிடுறன். அஸ்ஸலாமு அலைக்கும்." பஸ்ஸில் பாதிப்பேர் தங்களையறியாமல் "வஅலைக்கும் ஸலாம்" என்று பதில் சொல்லுவார்கள். அந்த வாய் மூடுமுன் தந்திக் கந்தோர் தட்டத் தொடங்கிவிடும்.

பாட்டை அதிகம் வெறுத்தவர் ஆதம்பாவா ஹாஜியார். மருதமுனைக்காரர். கைத்தறிச் சாறன்களைப் பொட்டணமாகக் கட்டி அக்கரைப்பற்றுக் கடைகளுக்குக் கொண்டுபோவார். சாரதிக்குப் பின்னாலிருக்கும் இருக்கை அவருடையது. பக்கத்து இருக்கை பொட்டணத்துடையது.

"தம்பி, இது என்ன பாட்டு? காதுக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஓம் ஹாஜியார். ஆணி அடிக்கிற மாதிரித்தான்."

"காலங்காத்தால மனிசன் ஓதிக்கிட்டு வாற நேரம்."

"நீங்க சொல்றதுதான் சரி."

"அப்ப நிப்பாட்டேன்."

"நிப்பாட்டத்தான் வேணும்" என்பார். பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்.

என் பக்கத்தில் இருப்பவள் புனிதம். காரைதீவுச் சந்தியில் ஏறுவாள். ஆலையடிவேம்பில் படிப்பித்தாள். அவளுடைய பள்ளிக்கூடமும் என்னுடையதும் நடந்துபோகிற தூரம்தான். பஸ்ஸில் பிள்ளைகளின் கொப்பிகளை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே வருவோம். அந்தப் பாட்டு வந்தால் அவள் சிவப்புப் பேனையை மூடிவிடுவாள். "இந்தத் தட்டலோட திருத்தினா எல்லாப் பிள்ளைக்கும் பிழைதான் போடுவன்" என்பாள்.

ஹாஜியார்தான் பெட்டிசம் எழுதவேண்டும் என்று தொடங்கினார். பஸ் முதலாளிக்குக் கொடுக்கலாம், எல்லோரும் கையெழுத்து வைக்கலாம் என்றார். எழுத்து வடிவாக இருக்குமென்று என்னிடம் தந்தார்கள். நானும் உற்சாகமாக எழுதினேன். 'மேற்படி வண்டியில் தினமும் காலைவேளையில் எவருக்கும் விளங்காத மொழியில் இரைச்சல் மிகுந்த பாடலொன்று ஒலிபரப்பப்படுவதால் பிரயாணிகளாகிய நாம் பெரும் அசௌகரியத்துக்கு உள்ளாகிறோம்' என்று தொடங்கி ஒரு முழுப் பக்கம். புனிதம் ஒற்றுப்பிழை பார்த்தாள். பதினாறு கையெழுத்து விழுந்தது.

பஸ் அட்டாளைச்சேனையில் நின்றபோது தாள் கைமாறுவதை அவர் கண்ணாடியில் கண்டுவிட்டார். இறங்கி வந்து கையை நீட்டினார். கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் கதவில் சாய்ந்துகொண்டு நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். இன்னொண்டையும் சேருங்க. பின்பக்கத்து ஸ்பீக்கர் ஒண்டு கிழிஞ்சி கிடக்கு. அங்க இரிக்கிறவங்களுக்கு கரகரண்டுதான் கேக்கும். பாவம்."

அதையும் சேர்த்தேன். பிறகு அவர் என் பேனையை வாங்கி, கீழே தன்னுடைய கையெழுத்தையும் வைத்தார். பதினேழாவது. 'சாரதி' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினார்.

முதலாளி அதை வாசித்துச் சிரித்துப் புரண்டதாகக் கேள்விப்பட்டோம். ஒரு கிழமையில் புது ஸ்பீக்கர் வந்தது. பாட்டு இப்போது பின்னால் இருந்தவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. எதற்கும் ஓம் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். வாதாடுகிறவனின் மனம் வெளியே கிடக்கும். இவருடையது எங்கே கிடக்கிறதென்று தெரியவில்லை. கள்ளத்தனமா, பயந்தாங்கொள்ளித்தனமா, இல்லை எங்களையெல்லாம் பகிடி பண்ணுகிறாரா என்று மனதுக்குள் பிரித்துப் பார்ப்பேன். ஆனால் பகிடி பண்ணுகிறவரின் முகம் அப்படி இருக்காது. முறைப்பாடு சொல்ல வருகிறவரை ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

இன்னொன்றும் கவனித்தேன். யாரும் சொல்லாமலே பாட்டை அவர் நிறுத்துகிற இடங்கள் இருந்தன. பள்ளிவாசல் வந்தால் நிற்கும். கோயில் வந்தால் நிற்கும். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் ஏறினால் அன்று முழுக்கப் பாட்டே இல்லை. மவுத்து வீடோ செத்த வீடோ இருக்கும் தெருமுனையில் பஸ்ஸையே சத்தமில்லாமல் உருட்டுவார். கேட்டு நிறுத்தாத மனிதர், கேளாமல் நிறுத்தினார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

பாட்டுக்கு ஆதரவு வந்தது நினையாத இடத்திலிருந்துதான். ஒரு மாரிகாலம். வயல் விதைத்தவர்கள் எல்லாம் மழையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார்கள். மாவடிப்பள்ளிப் பக்கத்தில் வயல் செய்கிற ஒருவர், "இப்படியே பெய்ஞ்சா வெள்ளாமை தப்புமா?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லுமுன், ஸ்பீக்கரில் நாலைந்து பேர் சேர்ந்து, "ஆரு கண்ட? ஆரு கண்ட?" என்று கத்தினார்கள்.

பஸ்ஸே வெடித்துச் சிரித்தது. ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. பொட்டணத்தில் கையை வைத்தபடி யோசித்தார்.

"பாருங்க, அவன் சரியாத்தானே கேக்கான்" என்றார். "நாளைக்கு நடக்கப்போறது ஆரு கண்ட? படைச்சவனுக்குத்தானே தெரியும். வெள்ளைக்காரன் எண்டாலும் ஈமானோடதான் பாடியிருக்கான்."

அன்றிலிருந்து ஹாஜியார் கட்சி மாறினார். புதிதாக ஏறி முகம் சுளிப்பவர்களுக்குப் பாட்டின் கருத்தை விளக்கத் தொடங்கினார். அந்த இடம் வந்தால் சுட்டுவிரலை மேலே தூக்குவார். சாரதியிடம் போய், "தம்பி, இது நல்ல கருத்துள்ள பாட்டுடா" என்று சொன்னார்.

"ஓம் ஹாஜியார். நீங்க சொல்றதுதான் சரி."

கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி உத்தியோகத்தர் வந்து அந்தக் கருத்தைக் கெடுக்கப் பார்த்தார். காற்சட்டை மடிப்புக் கலையாத இளைஞர். முதல் நாளே பாட்டைக் கேட்டுவிட்டுத் துள்ளி எழுந்தார். அது லண்டன் பக்கத்து ஒரு குழுவின் பாட்டாம். பெயரும் சொன்னார், எனக்கு நினைவில்லை. அது 'புதிய அலை' என்ற வகையாம். 

"அலை எங்கட கடல்லயும்தான் அடிக்குது" என்றார் ஹாஜியார்.

உத்தியோகத்தர் விடவில்லை. அந்தப் பாட்டு வந்த புதிதில் அந்த ஊர்ப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டனவாம். இதெல்லாம் பாட்டா என்று எழுதினார்களாம். பிறகு பொடியன்களின் வாயில் ஏறி, எங்கே போனாலும் சனம் அதையே கேட்கத் தொடங்கிற்றாம். இப்போது அந்தக் குழுவுக்கே அது அலுத்துவிட்டதாம். வேறு நல்ல பாட்டெல்லாம் செய்திருக்கிறார்களாம். ஆனால் இதைப் பாடாமல் எந்த மேடையிலிருந்தும் இறங்க முடியவில்லையாம்.

சாரதி இதை மிகுந்த கவலையோடு கேட்டார். "பாவம், என்ன தம்பி. ஒரே பாட்ட நாளாந்தம் பாடினா அலுக்கத்தானே செய்யும்."

"அது மட்டுமில்ல. உங்கட பிளேயர் மெதுவா ஓடுது. பாட்டு இதைவிட வேகம். நீங்க எல்லாரும் இவ்வளவு காலமும் பிழையாத்தான் கேட்டிருக்கிறீங்க."

"ஓம் தம்பி. நீங்க சொல்றதுதான் சரி."

மறுநாள் உத்தியோகத்தர் தன்னுடைய நல்ல கெசட்டையும், மின்கலம் போட்டு இயங்கும் சிறிய பிளேயர் ஒன்றையும் கொண்டுவந்து மடியில் வைத்துப் போட்டுக் காட்டினார். தட்டல் ஓட்டமாக ஓடிற்று. கம்பி கீச்சென்றது. அந்தப் பொடியனின் குரல் மெலிந்து, யாரோ துரத்துவதுபோல மூச்சு வாங்கிற்று. எல்லோரும் எதிர்பார்த்திருந்த இடம் வந்தபோது 'ஆரு கண்ட' என்று கேட்கவே இல்லை. ஏதோ இங்கிலீசுதான் கேட்டது.

பஸ்ஸில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வயல்காரர், "இது அந்தப் பாட்டு இல்ல" என்றார். புனிதம், பாட்டு வந்தால் பேனையை மூடுகிற புனிதம், எழுந்து நின்று, "எங்கட பாட்டப் போடச் சொல்லுங்க" என்றாள். உத்தியோகத்தர் பரிதாபமாகச் சுற்றிப் பார்த்தார். ஹாஜியார் அவர் முதுகில் தட்டி, "மனே, உன்ட மெசின்ல ஏதோ கோளாறு போல" என்று ஆறுதல் சொன்னார். சாரதி சிகரெட் மட்டையை மடித்துச் செருகினார்.

இதெல்லாம் நடந்த காலம் நல்ல காலம். சண்டை என்றால் பாட்டுக்காக, யன்னலுக்காக, இருக்கைக்காக. எண்பதுகளின் கடைசியில் அவர் கட்டாருக்குப் போனார். வெளிநாடு போகச் சொல்லிப் பெண்சாதி வீட்டார் கேட்டு, ஓம் ஓம் என்று பல வருடம் கடத்தி, பிறகு ஒருநாள் தானாகவே போனார். இப்போது பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறார் என்று கேள்வி. அவர் கதையை யாரிடமாவது சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆனால் அவர் யார் என்பது எனக்கு விளங்கியது வேறொரு காலத்தில்.

அவர் கட்டாருக்குப் போவதற்கு முன், எண்பத்தைந்தாம் வருடம், எங்கள் கரையோரத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையில் கலகம் வந்தது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று மாறி மாறிக் கிடக்கும் ஒரே தெரு அது. ஒவ்வொரு எல்லையிலும் தெரு அறுந்தது. வீடுகள் எரிந்தன. யார் தொடங்கியது என்பதற்கு எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் ஒரு கதை. ஆறு கிழமை பஸ் ஓடவில்லை. பள்ளிக்கூடம் இல்லை. காரைதீவு தமிழ் ஊர், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். புனிதம் இருக்கிறாளா இல்லையா என்பதைக்கூட அறிய வழி இல்லாமல் இருந்தேன்.

பிறகு பஸ் ஓடலாம் என்றார்கள். முதல் நாள் ஏறினேன். வாப்பா கூடவே சந்திக்கு வந்தார். ஒன்பதே பேர். ஹாஜியார் பொட்டணத்தோடு இருந்தார். பஸ் புறப்படுமுன் முதலாளி வந்து சாரதியின் யன்னலடியில் நின்றார். கூட ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர்.

"காரைதீவுல நிப்பாட்டாத. ஆளும் ஏத்தாத. ஒரே இழுவையா நிந்தவூருக்கு இழுத்துரு. வெளங்கிச்சா?"

"ஓம் முதலாளி. பயமான நேரம். நீங்க சொல்றதுதான் சரி."

எல்லாருக்கும் ஓம் சொல்கிறவர், இதற்கும் ஓம் சொல்லிவிட்டாரே என்று நினைத்தேன். நான்கு வருடம் பார்த்தும் அவரை நான் படிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

வயல் தெரியத் தொடங்கியதும் அவர் கெசட்டைப் போட்டார். மட்டையைச் செருகினார். தன் பக்கத்து யன்னலை முழுக்க இறக்கினார். கைநீட்டி மறுபக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினார். சத்தத்தை ஒருபோதும் வைக்காத அளவுக்கு ஏற்றினார். அந்தத் தட்டல் வெறுந்தெருவில் எங்களுக்கு முன்னால் ஓடிற்று. காரைதீவு வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. சுவர்களில் கரி. சந்தியில், புனிதம் வழக்கமாக நிற்கிற வாகைமரத்தடியில், பஸ் நின்றது.

யாரும் வரவில்லை.

"தம்பி, எடு. எடு தம்பி" என்றார் ஹாஜியார்.

"ஓம் ஹாஜியார். எடுக்கத்தான் வேணும்."

"என்னத்துக்கு நிக்காய்? பிள்ளைக்குட்டிக்காரர் எல்லாரும்."

"ஓம். நீங்க சொல்றதுதான் சரி."

கை ஸ்டியரிங்கில் இருந்தது. கண் முன்னால் இருந்தது. பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. அதன் பிறகுதான் பஸ் அசைந்தது.

இரண்டாம் நாளும் அதுவே நடந்தது. ஏறியவர்கள் ஏழு பேர். மூன்றாம் நாள் ஐந்து பேர்தான் ஏறினோம். அன்று மரத்துக்கு எதிர்வீட்டுப் படலை ஒரு சாண் திறந்து, மூடிற்று. வாப்பா என்னைப் போகவேண்டாம் என்றார். நான் ஏன் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறாமல் விட்டால், அந்த மரத்தடியில் அவர் நிற்பதைப் பார்க்க ஓர் ஆள் குறையும் என்று இருந்தது. ஹாஜியாரும் ஒரு நாளும் தவறவில்லை. ஏசிக்கொண்டே வந்தார்.

நான்காம் நாள் பாட்டுப் பாதி தாண்டியபோது படலை முழுக்கத் திறந்தது. புனிதம் வந்தாள். அவளுக்கே உரிய நீலக் குடை, தோளில் கொப்பிப் பை. மெலிந்திருந்தாள். வாசலில் ஒரு வயதான பெண் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள், தாயாக இருக்கவேண்டும். புனிதம் தெருவைக் குறுக்கறுத்து வந்து பஸ்ஸின் மிதிபலகையடியில் நின்றுவிட்டாள். ஏறவில்லை. உள்ளே இருந்த எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

சாரதி திரும்பவில்லை, கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை.

ஹாஜியார்தான் அசைந்தார். அந்தப் பொட்டணம் இருக்கையைவிட்டு இறங்கி நான் அதற்குமுன் கண்டதில்லை. இரண்டு கையாலும் தூக்கித் தன் காலடியில் வைத்தார்.

"ஏறுங்க டீச்சர்" என்றார். "மூணு நாளா எங்கள வெச்சி முழுப் பாட்டையும் கேக்க வெக்கிறான் இவன். நீங்க வந்தாத்தான் எங்களுக்கு விடிவு."

புனிதத்தின் உதடு நெளிந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். ஏறி வந்தவள் ஹாஜியாரின் பக்கத்து இருக்கையைத் தாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கை சில்லென்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"முதல் நாளே கேட்டது" என்றாள் மெதுவாக. "வீட்டுக்குள்ள கட்டிலுக்குக் கீழ இருந்தம். ஏதோ வாகனம் வருது எண்டு பயந்து போனம். மறுகா தட்டுற சத்தம் கேட்டது. அம்மா, இது எங்கட பஸ் எண்டன். அம்மா விடல்ல. நேத்தும் விடல்ல. இண்டைக்கு, நாலு நாளா நிண்டு பாத்துட்டுப் போற மனிசன் கெட்டவனா இருக்கமாட்டான் போ எண்டு அம்மாவே படலையத் திறந்தா."

பஸ் புறப்பட்டது. கொஞ்ச நேரத்தில் பாட்டு முடிந்தது. அவர் வேறு கெசட் போடவில்லை. அட்டாளைச்சேனை வரைக்கும் இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான். ஹாஜியார் பொட்டணத்தை மீண்டும் இருக்கையில் ஏற்றவில்லை. அவர் முழங்கால் இரண்டும் அதன்மேல் முட்டிக்கொண்டு நின்றன.

அடுத்த கிழமை காரைதீவில் மூன்று பேர் ஏறினார்கள். முதலாளிக்குச் சேதி எட்டி அவர் கூப்பிட்டுக் கேட்டாராம். "நிப்பாட்ட வேணாம் எண்டு நீங்க சொன்னது சரிதான் முதலாளி. நான் நிப்பாட்டினது உண்மைதான்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். முதலாளி, போய் வேலையைப் பார் என்றாராம். இது பிறகு கேள்விப்பட்டது.

அந்த நான்காம் நாள், அக்கரைப்பற்றில் எல்லோரும் இறங்கினார்கள். புனிதம் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்தங்கினேன். அவர் கீழே இறங்கி, பஸ்ஸின் நிழலில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டிசம் எழுதியவள் நான். எதையாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"காக்கா, இண்டைக்குத்தான் இந்தப் பாட்டு எனக்கு நல்லா இருந்த."

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். ஓம், நீங்கள் சொல்வதுதான் சரி என்று வரும் என்று காத்திருந்தேன்.

"இல்ல டீச்சர்" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல்.

"எனக்கு ஒண்டும் கேக்கல்ல. நாலு நாளா அந்தப் பாட்டு என்ட காதுல விழவே இல்ல. நெஞ்சு அடிச்ச சத்தம்தான் கேட்ட."

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த தடம் சிவப்பாக வரி வரியாகக் கிடந்தது. அவற்றைச் சாறனில் துடைத்துக்கொண்டு, எதிரே இருந்த தேத்தண்ணிக் கடைக்கு நடந்தார்.